ஓட்டம்னு சொன்னது பாதி

வலது காலா, இடது காலா? நஸ்ரின் அக்கா இப்பத்தான் சொன்னாங்க, காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. படகுக்குள்ள நடுவுல ஒரு கருப்புப் பட்டை இருக்கு, என் உள்ளங்கை அகலம்தான், அதுல மட்டும் கால் வைக்கணும், தப்பி வேற எங்க வச்சாலும் கால் அடியைப் பொத்துக்கிட்டு ஆத்துக்குள்ள போயிடும்னு முதல் நாளே மிரட்டி வச்சிருக்காங்க. எங்க தெருவுல பாதி நீளம் இருக்கு இந்தப் படகு, மிதிச்சா கிழிஞ்சிடுமாம். இதைக் கொண்டுபோய் எங்க கடல்ல விட்டா முதல் அலையிலயே அப்பளம்தான். நைனா பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பார், எங்க வீட்டுல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம், ஐயோ, நைனாவ ஏன் இப்ப இழுக்குற, காலைத் தூக்கு. பின்னாடி ஜென்சியும் ஹேமாவும் ஏறி உக்காந்தாச்சு, முன்னாடி அபூர்வா தலைமுடிய இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, அவங்க மூணு பேரும் போன வருஷத்து ஆளுங்க, நடுவுல மூணாவது சீட்டு மட்டும் காலியா என்னைப் பாத்துக்கிட்டு இருக்கு. "தாட்சு, வேடிக்கை பாக்காத, ஏறு"ன்னு நஸ்ரின் அக்கா. மூணாம் வருஷம் படிக்கிறாங்க, நாலே முக்கால் அடி, படகோட கடைசியில எங்களப் பாத்த மாதிரி உக்காந்திருக்காங்க, துடுப்பு கிடையாது, ஒரு சுக்கான் கயிறும் ஒரு தொண்டையும்தான் அவங்களுக்கு. அந்தத் தொண்டைக்கு அஞ்சே முக்கால் அடி அபூர்வாவே அடங்குவா. வச்சிட்டேன், வலது கால்தான், பட்டை மேலதான். படகு ஒரு பக்கம் சாஞ்சுது, அப்புறம் நிமிந்துச்சு. உக்காந்துட்டேன். நாலு தலைமுறையா படகு வச்சிருக்கிற வீட்டுல பொறந்தவ, பத்தொம்பது வயசுல முதல் முதலா ஒரு படகுல ஏறி உக்காந்திருக்கேன், ஏழு வயசுல ஏறினத கணக்குல சேக்கலன்னா. அத இப்ப நினைக்கக் கூடாது. மணி ஆறேகால், நைனா விடியறதுக்கு முன்னாடியே கடலுக்குப் போயாச்சு, இன்னும் கரை திரும்பியிருக்க மாட்டார், அத சுத்தமா நினைக்கக் கூடாது.

ஷூ படகுலயே இருக்கு, பலகையில திருகி வச்சிருக்காங்க, யார் யாரோ போட்டுப் போட்டு வாய் பொளந்த ஷூ, அதுக்குள்ள காலை விட்டு வாரை இழுத்துக்கணும். என் ஷூ நாங்க ஏறின மரத்துறையில, பலகை மேல நிக்குது. வெள்ளை, ஓரத்துல பச்சைக் கோடு, ரெண்டும் ஒட்டிக்கிட்டு என்னையே பாக்குற மாதிரி நிக்குது. அது ஓடுறதுக்கு வாங்கின ஷூ. என் செருப்பை வலை நூலால அளந்து, அந்த நூலை சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போய் நைனா தானே வாங்கிட்டு வந்தார், கடைக்காரன் கிட்ட நூலை நீட்டி "இந்த அளவுக்கு எம் பொண்ணு காலு, ஓடுறதுக்குக் குடு"ன்னு கேட்டாராம். நான் ஓடுறேன்னுதான் அவருக்குத் தெரியும். தப்பு என்னோடதுதான், முழுசா என்னோடதுன்னும் சொல்ல முடியாது, பாதி தமிழோடது. காலேஜ்ல குடுத்த இங்கிலீஷ் தாள்ல அம்மா கையெழுத்து வேணும், அம்மா சங்கரா மீனுக்கு செதில் சுரண்டிக்கிட்டே "இன்னா விளையாட்டும்மா இது?"ன்னு கேட்டா. படகோட்டம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், சத்தியமா. 'படகு' தொண்டையிலயே நின்னுடுச்சு, 'ஓட்டம்' மட்டும் வெளிய வந்துச்சு. அம்மா கைய பாவாடையில தொடச்சிட்டு எல்லம்மான்னு தன் பேரை எழுதிக் குடுத்துட்டா. அன்னைக்கு சாயங்காலமே நைனா ஏலக் கூடத்துல எல்லார் கிட்டயும் "எம் பொண்ணு காலேஜ் சார்பா ஓடுது"ன்னு சொல்லி முடிச்சாச்சு. இப்ப ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டு மாசமும் நான் அறைக்குள்ள அந்த துடுப்பு மெஷின்ல உக்காந்துதான் இழுத்தேன், அது படகு கிடையாது, அதனால பொய்யும் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து கோச் சார் அதுக்கும் ஆப்பு வச்சிட்டார். மூணாவது சீட்டு இன்னைக்கு முடிவாகும், நானா வினோதினியாங்கறது தண்ணியில தெரிஞ்சிடும், யாருக்குக் கிடைக்குதோ அவங்க அப்பா வெள்ளிக்கிழமை நேர்ல வந்து படகு ஷெட்டுல கையெழுத்து போடணும், தாள்ல போட்டு அனுப்பினா செல்லாதுன்னுட்டார். ஆக, ஜெயிச்சா நைனா கிட்ட சொல்லியாகணும், தோத்தா சொல்ல வேணாம். இந்தக் கொடுமை வேற யாருக்காவது உண்டா? மரத்துறையில என் ஷூ பக்கத்துலயே, நேத்தே படகு ஏறிக் காட்டிட்ட வினோதினி தண்ணி பாட்டிலோட நிக்குறா, கட்டை விரலத் தூக்கிக் காட்டுறா, பாவம், அவளுக்கு என் தலைவலி எதுவும் தெரியாது.

சொல்லிட்டா என்னன்னு ஒரு மனசு கேக்குது. என்னன்னா. இன்னைக்குக் காலையில இதே படகை ஷெட்டுலேருந்து தூக்கிட்டு வந்தோம், நாலு பொண்ணுங்க, ஆளுக்கொரு இடத்துல, நஸ்ரின் அக்கா "கையக் குடுங்க, தூக்கு, தலைக்கு மேல"ன்னாங்க, படகு தலைக்கு மேல போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, யாரும் பாக்கல. ஹேமா விரல்ல ஊதா நெயில் பாலிஷ், அந்த விரலு படகோட வயித்தத் தாங்கிக்கிட்டு இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்லல, வானம் இடிஞ்சு விழல, காக்கா கத்திக்கிட்டு இருக்கு, செக்யூரிட்டி டீ குடிச்சிக்கிட்டு இருக்கார். எங்க குப்பத்துல படகைத் தூக்கும்போது பொம்பளைங்க எட்டித்தான் நிக்கணும். வலை பிரிக்கலாம், மீன் சுமக்கலாம், விக்கலாம், படகுக்குப் பொட்டு வைக்க மஞ்சள் அரைச்சும் குடுக்கலாம், படகு மேல கால் படக்கூடாது, பட்டா கடல்ல இருக்கிறவங்களுக்கு ஆகாதும்பாங்க. எங்க அம்மா இத்தினி வருஷமா நைனா படகு கொண்டு வர்ற மீனை வித்து எங்களைப் படிக்க வச்சா, ஒரு நாளும் அந்தப் படகுல கை ஊனி நின்னதில்ல. ஏன்னு கேட்டா "அப்படித்தான்" அவ்ளோதான். எனக்கு ஏழு வயசு, மத்தியானம், படகு மணல்ல கெடக்கு, யாருமில்ல, நான் ஏறி உள்ள படுத்துக்கிட்டேன். சூடு, உப்பு வாசம், ஓரமா ஒரு காய்ஞ்ச நெத்திலி, மேல வெறும் வானம். எனக்கு அதுவரைக்கும் அவ்ளோ சந்தோஷமா எதுவும் நடந்ததில்ல. நைனா வந்தார். திட்டல, அடிக்கல. இடுப்புல கையக் குடுத்துத் தூக்கி மணல்ல எறக்கி விட்டார். அப்புறம் ஒரு குடம் தண்ணி கொண்டாந்து மஞ்சத்தூள் கரைச்சு, நான் படுத்த எடத்தை, காலு வச்ச எடத்தை, கை பட்ட ஓரத்தை, நிதானமா, ஒரு எடம் விடாம கழுவினார். நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடிச்சிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.

"கம் ஃபார்வர்ட்!" ஐயோ, முன்னாடி வரணும், முட்டிய மடக்கி சீட்டை சறுக்கி முன்னாடி வரணும், இந்த சீட்டுக்குச் சக்கரம் இருக்கு, சீட்டு ஓடும் படகு ஓடும், நிக்கிறது மரத்துறையில நான் விட்டுட்டு வந்த ஷூ மட்டும்தான். "ஆர் யூ ரெடி? ரோ!" போச்சு, கெளம்பிட்டோம். மரத்துறை நகருது, வினோதினி சின்னதாகுறா. நாங்க போற பக்கம் என் முதுகுப் பக்கம், இது யாரு கண்டுபிடிச்ச கூத்தோ தெரியல, துடுப்பு போடுறவங்க நாலு பேருக்கும் போற வழி தெரியாது, விட்டுட்டு வந்த வழி மட்டும்தான் தெரியும். போற வழி நஸ்ரின் அக்காவுக்குத்தான் தெரியும், அவங்க கண்ணுதான் எங்க கண்ணு. மேக்க இருக்கிற பாலத்துப் பக்கமா ஆத்துல மேல ஏறிப் போறோம், அப்படின்னா நான் பாக்குறது கிழக்க. கிழக்க ஆறு அகலமா விரிஞ்சு கெடக்கு, அந்தாண்ட இன்னொரு பாலம், அதுக்கும் அந்தாண்ட முகத்துவாரம், எங்க குப்பம், கடல், கடல்ல எங்கயோ ஒரு நீலக் கலர் ஃபைபர் படகு, அதுல நைனாவும் எங்க அண்ணன் சதீசும். சூரியன் அங்கேருந்துதான் ஏறி வருது. நேரா என் மூஞ்சியிலயே. கண்ணு கூசுது, மூட முடியாது, அபூர்வா முதுகைப் பாத்துக்கிட்டே இருக்கணும், அவ குனிஞ்சா குனி, நிமிந்தா நிமிரு, அவ ஜெர்ஸியில இருக்கிற நாலுங்கற நம்பர்தான் இப்ப எனக்கு சாமி. "மெதுவா வா தாட்சு, ஓடாத, ஓடாத"ன்னு நஸ்ரின் அக்கா. ஓடாதன்னா சீட்டுல வேகமா சறுக்காதன்னு அர்த்தம். எங்க வீட்டுல ஓடுன்னு அனுப்புறாங்க, இங்க ஓடாதங்கறாங்க. இவங்க பாஷையே தனி, நிறுத்துன்னு சொல்ல "ஈஸி"ம்பாங்க, ஈஸின்னு கேட்டதும் நான் முதல் நாள் சுலபமா இழுக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்குத்தான் தாள்ல அப்பா தொழில் மீன்பிடின்னு படிச்சிட்டு கோச் சார் "அட, உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்குமே, உனக்கெதுக்கு நீச்சல் டெஸ்ட்?"ன்னு சிரிச்சார். எனக்கு நீச்சலே தெரியாது சார்னேன். அவர் நம்பல. முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்கினதில்ல சார்னேன். அப்புறம்தான் குளத்துல, குளோரின் வாசத்துல, பத்து வயசுப் பசங்களோட சேந்து கத்துக்கிட்டேன். கடலு எங்க வாசல்ல இருக்கு, நான் நீச்சல் கத்துக்கிட்டது அம்பது பஸ் நிறுத்தம் தள்ளி.

கை எரியுது. ரெண்டு மாசத்துல வந்த கொப்புளம் காய்ஞ்சு அதுக்கு மேல புதுசா ஒண்ணு வந்திருக்கு, மெஷின்ல கைப்பிடி நேரா வரும், இது திரும்புது, உருளுது, தண்ணி அதுக்கு ஒரு உசுரு குடுக்குது. "வலிக்குதா?" பின்னாடிலேருந்து ஹேமா கேக்குறா. காலையிலேருந்து இது நாலாவது தடவ, ஜென்சி கேட்டா, அபூர்வா டேப் குடுத்துட்டுக் கேட்டா, செக்யூரிட்டி கூட என் கைய பாத்துட்டுக் கேட்டார். இல்லன்னு தலையாட்டினேன், பின்னாடி இருக்கிறவளுக்கு என் தலை தெரியுமில்ல. தண்ணி கரும்பச்சை, ஒரு தெர்மாகோல் துண்டு போகுது, ஆகாயத்தாமரை ஒரு கொத்து போகுது, கரையில கூழைக்கடா ஒண்ணு கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு எங்களை ஒரு பொருட்டாவே நெனைக்காம உக்காந்திருக்கு. நாத்தம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், பழகிடுச்சு. இந்தத் தண்ணி கீழ எறங்கி அந்தக் கடலுக்குத்தான் போகுது. நான் கால் வச்ச சேதிய எடுத்துக்கிட்டுப் போகுதோ? சீ, பைத்தியம். பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன், தண்ணிக்கு சேதி தெரியாதுன்னு தெரியும். ஆனா நைனா இப்ப வலைய இழுத்துக்கிட்டு இருப்பார். தினமும் கரை ஏறினதும் எனக்குப் போன் வரும், ஒரே வார்த்தை, "ஏறிட்டோம்", அவ்ளோதான், வச்சிடுவார். ஏழரைக்குள்ள வந்துடும். இன்னைக்கு வரலன்னா? இன்னைக்குன்னு பாத்து வரலன்னா நான் என்ன பண்ணுவேன்? அவருக்கு ஒண்ணு ஆயி, அவர் கேக்காமலேயே, யாரும் கேக்காமலேயே, எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமே, இந்த வலது காலு, அந்தக் கருப்புப் பட்டை, அந்த மஞ்சத்தண்ணி, குடம் சாஞ்சு, விரலு ஓரம் ஓரமா தேச்சு... டமார். துடுப்பு போச்சு. பிளேடு சாய்வா எறங்கிடுச்சு, தண்ணி அதைக் கப்புன்னு கவ்விக்கிச்சு, கைப்பிடி வந்து வயித்துல குத்தி என்னைப் பின்னாடி சாய்ச்சிடுச்சு, படகு என் பக்கமா ஒருக்களிக்குது, ஜென்சி கத்துறா, "ஈஸி! எல்லாரும் ஈஸி!" நின்னுடுச்சு. எல்லாம் நின்னுடுச்சு, என் மூச்சும்.

இதுக்குப் பேருதான் நண்டு பிடிக்கிறது. முதல் வாரம் கோச் சார் "யாரும் நண்டு பிடிச்சிடாதீங்க"ன்னப்போ நான்தான் எழுந்து "இந்த ஆத்து நண்ட யாரு சார் தின்பா?"ன்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சு வயிறு புண்ணாச்சு, எனக்கு ஏன்னே புரியல. இப்பப் புரியுது. கரையில சைக்கிள்ல கூடவே வர்ற கோச் சார் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டு போனார், அப்படியே எறக்கிட்டார், அது திட்டுறத விட மோசம். போச்சு, சீட்டு போச்சு. உள்ள ஒருத்தி அப்பாடான்னா, இன்னொருத்தி ஐயையோன்னா, எவ நானுன்னு தெரியல. நஸ்ரின் அக்கா முன்னாடி குனிஞ்சு, எப்பவும் இல்லாத சின்னக் குரல்ல, "எங்க போயிட்டே நீ? இங்க இரு. எண்ணிக்கோ, பாட்டு பாடு, திட்டிக்கோ, எதாவது பண்ணு, இங்க இரு"ன்னாங்க. மறுபடியும் கம் ஃபார்வர்ட், மறுபடியும் ரோ. என்ன சொல்லிக்கிட்டு இருக்கிறது? ஒன், டூன்னா ரெண்டுலயே மனசு ஓடிடுது. வாய் தானா ஒண்ண எடுத்துச்சு. வலி. இழுக்கும்போது வலி. சறுக்கி வந்து, மறுபடி வலி. எங்க ஆளுங்க துடுப்பு போடும்போது சொல்றது, இழுன்னு சொல்ல மாட்டாங்க, வலிம்பாங்க. எனக்குப் பத்து வயசுல ஒரு நாள் நைனாவுக்கு நடுக்கடல்ல எஞ்சின் நின்னுடுச்சு, சாயங்காலம் வந்து தெருவுல உக்காந்து "அஞ்சு மணி நேரம் வலிச்சோம்"னார், நான் உள்ள ஓடி தைலம் எடுத்தாந்து அவர் முதுகுல தேய்க்கப் போனேன். தெருவே சிரிச்சுது. நைனா சிரிக்கல, பக்கத்துல உக்கார வச்சு "வலிச்சுதான்னா உடம்பைக் கேக்குறது, வலிச்சியான்னா ஆளைக் கேக்குறது"ன்னார். அதுக்கப்புறம் அந்த ரெண்டாவது கேள்விய அவர் வாயிலேருந்து ஒரே ஒரு தடவதான் கேட்டிருக்கேன். சதீசு அண்ணன் முதல் நாள் கடலுக்குப் போனப்போ நைனாவுக்குக் காய்ச்சல், மத்தவங்களோட அனுப்பியிருந்தார், அண்ணன் கரை ஏறி நனைஞ்சு போய் நின்னப்போ மீனைப் பாக்கல, வேற எதையும் கேக்கல, "வலிச்சியா?"ன்னார். "வலிச்சேன்"னு அண்ணன் சொன்ன விதம் இருக்கே, அன்னைக்குலேருந்து அவன் வீட்டுல நடக்குற நடையே வேற. வலி. சறுக்கி வா. வலி. சறுக்கி வா. "ஈஸி! ஈஸி!" மறுபடியும் நின்னுடுச்சு. இப்ப என்ன பண்ணேன்? "எங்க வலிக்குது தாட்சு? முதுகா? முதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னு நஸ்ரின் அக்கா பதறுறாங்க, ஹேமா பின்னாடிலேருந்து "நான் அப்பவே கேட்டேனே"ங்கறா. அட கடவுளே. இல்லக்கா, வலிக்கலக்கா, வலிக்கச் சொன்னேன்க்கா, எங்க வீட்டுல இழுக்குறதுக்கு அப்படித்தான் சொல்வாங்க.  அப்புறம் அபூர்வா தோளு குலுங்குது, திரும்பிப் பாத்தா ஜென்சி துடுப்பு மேலயே கவுந்து சிரிக்கிறா, படகே ஆடுது. "ஏம்மா, என் உசுரே போயிடுச்சு, மனசுக்குள்ள சொல்லித் தொலை"ன்னு நஸ்ரின் அக்கா தலையில அடிச்சிக்கிட்டாங்க.

மனசுக்குள்ளதான் சொன்னேன். எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியல. சிரிச்சதுல தோளு இறுக்கம் விட்டிருக்கணும். "இப்ப பத்து இழுப்பு, நான் பேச மாட்டேன், நீங்களே கேளுங்க"ன்னு நஸ்ரின் அக்கா சொல்லிட்டு வாய மூடிட்டாங்க. என்னத்தக் கேக்குறது? வலி. டொக். நாலு துடுப்பும் அதை மாட்டியிருக்கிற வளையத்துல விழுற சத்தம், நாலு சத்தம் இல்ல, ஒரே சத்தம். நான் போட்டேனா? என்னோடது அதுக்குள்ள இருக்கா? இருக்கு. வலி. டொக். சறுக்கி முன்னாடி வரும்போது ஒண்ணு கேட்டுச்சு, படகுக்கு அடியில, என் காலுக்கு நேர் கீழ, அந்த மெல்லிசு அடிக்கு அந்தாண்ட, தண்ணி கலகலன்னு ஓடுது. நாங்க யாரும் இழுக்காத நேரத்துல ஓடுது. படகு தானா போகுது. அம்மாடி. மயிர்க்கால் எல்லாம் நின்னுடுச்சு எனக்கு. முன்னாடி அபூர்வாவோட வாய் முணுமுணுக்கிறது கேக்குது, அவ இங்கிலீஷ் வாயில "வலீ, வலீ"ன்னு. சிரிப்பு வரல, அழுகை வரல, வாயத் தொறந்தா இது போயிடும்னு பயம். எங்க துடுப்பு எடுத்த எடத்துல எல்லாம் தண்ணியில ஒரு சுழி, நாலு நாலு சுழியா வரிசையா வெயிலுக்குள்ள போய்க்கிட்டே இருக்கு, கிழக்க, கடல் பக்கமா. இப்படியா இருக்கும் இது? இவ்ளோ நாளா இதைத்தான் ஆம்பளைங்க வச்சுக்கிட்டு சும்மா இருந்தாங்களா? நைனா தினமும் வருவார், காத்து சொல்வார், நீவாடு தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்வார், வலை கிழிஞ்சதைச் சொல்வார், சோத்துல குழம்பு ஊத்தச் சொல்வார், இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்றதுக்கு வார்த்தை இல்லையா, இல்ல சொல்லக் கூடாதா? எங்க அம்மாவுக்கு இது தெரியாது. எங்க தெருவுல ஒருத்திக்கும் தெரியாது. ஆயிரம் பொம்பளைங்க கடலைப் பாத்துக்கிட்டே பொறந்து, கடலைப் பாத்துக்கிட்டே புருஷனுக்குக் காத்திருந்து, இந்தக் கலகலங்கற சத்தம் ஒரு தடவகூட காலுக்கடியில கேக்காம செத்துப் போயிருக்காங்க. கோவமா வருது, கோவம் கூட இந்த ஆச்சரியத்துக்கு முன்னாடி நிக்க மாட்டேங்குது. ஏழு வயசுல மணல்ல கெடந்த படகுல படுத்தப்போ வந்த சந்தோஷம் இதோட வாசல்தான், இப்பத்தான் உள்ள வந்திருக்கேன். நைனா, நான் உள்ள வந்துட்டேன். நீ கழுவினாலும் இது போகாது நைனா. வலி. டொக். பத்து முடிஞ்சு எவ்ளோ ஆச்சுன்னு தெரியல, நஸ்ரின் அக்கா எண்ண மறந்துட்டாங்க, அவங்க மூஞ்சியில வெயில் இல்ல, ஆனா மின்னுது. பாலத்துக்கு அடியில திரும்பித் துறைக்கு வந்தோம்.

மரத்துறையில ஏறி நின்னோம். கோச் சார் சைக்கிளைச் சாய்ச்சு வச்சிட்டு வந்தார், என் கையத் திருப்பிப் பாத்தார், கொப்புளம் ஒடைஞ்சு தண்ணி வந்திருக்கு. "நண்டு பிடிச்சே." ஆமா சார். "அப்புறம் நாலு பேரும் ஒண்ணா இழுத்தீங்களே, எங்க கத்துக்கிட்டே அதை?" எதை சார்? சின்ன நோட்டுல எதோ எழுதினார், "மூணாவது சீட் தாட்சாயணி. வெள்ளிக்கிழமை அப்பாவக் கூட்டிட்டு வா"ன்னுட்டு ஷெட்டுப் பக்கம் போயிட்டார். வினோதினிக்குக் கண்ணு கலங்கிடுச்சு, ஆனாலும் என் ஷூவ எடுத்தாந்து கையில குடுத்தா, நல்ல பொண்ணு, அவளுக்கு அடுத்த வருஷம் நிச்சயம் கிடைக்கும். மணி ஏழு இருவத்தெட்டு. போனை எடுத்துப் பாத்தேன், ஒண்ணும் வரல. படகைக் கழுவணும், உப்பில்லாத தண்ணிதான், குழாய் வச்சு, துணி வச்சு, எல்லாரும் சேந்து கழுவுறோம், ஓரம் ஓரமா தேச்சு. இங்க தினமும் கழுவுவாங்களாம், யாரு ஏறினாலும். ஏழரை. ஏழு முப்பத்தி மூணு. ஹேமா எதோ கேக்குறா, காதுல விழல, என் கை படகோட வயித்து மேல துணியோட நிக்குது, ஏழு முப்பத்தஞ்சு, எங்க குப்பத்துக் கோயில் எல்லம்மா தாயே, இனிமே ஏற மாட்டேன், இல்ல, அப்படி வேண்ட மாட்டேன், ஏறுவேன், நீ அவரையும் கொண்டு வந்து விடு, ரெண்டும் வேணும் எனக்கு. போன் அடிச்சுது. நைனா.

"ஏறிட்டோம்"னார். பின்னாடி காக்கா, அம்மா யார்கிட்டயோ பேரம் பேசுறா, அண்ணன் கூடைய இழுக்குற சத்தம். எப்பவும் அதோட வச்சிடுவார், இன்னைக்கு வைக்கல. "ஓட்டம் முடிஞ்சுதாம்மா? ஷூ கடிக்கலியே?" ஷூ என் கையில இருக்கு, அடியில ஒரு மண்ணு கூட இல்ல. நைனா, நான் ஓடலன்னேன். "ஏம்மா, உடம்புக்கு இன்னா?" ஓட்டம்னு சொன்னது பாதி நைனா. படகோட்டம். இந்த வார்த்தை முழுசா என் வாயிலேருந்து வெளிய வந்தது இதான் முதல் தடவ.  "கூட இருக்கிறது பொம்பளப் புள்ளைங்களா?"ன்னார். எல்லாரும் பொம்பளப் புள்ளைங்கதான் நைனா, நாலு பேரு துடுப்பு, ஒருத்தங்க சுக்கான். "நீ ஏறுனியா?" ஏறினேன் நைனா, ஆறேகாலுக்கு, நீ கடல்ல இருக்கும்போதே ஏறினேன், வெள்ளிக்கிழமை நீ இங்க வரணும், வந்து கையெழுத்து போடணும், வரலன்னா இந்த சீட்டு எனக்கில்ல. எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன்.  அம்மா தூரத்துல "யாருய்யா போன்ல?"ன்னு கேக்குறா. என் எதிர்க்க ஈரப் படகு கட்டை மேல கவுந்து கெடக்கு, தண்ணி சொட்டிக்கிட்டு. வச்சிட்டாரோன்னு போனைக் காதுலேருந்து எடுத்துப் பாத்தேன், நொடி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, மறுபடி காதுல வச்சேன். அலைச் சத்தம். தொண்டையைச் செருமினார். வலிச்சுதான்னு கேக்கப் போறார், காலையிலேருந்து எல்லாரும் கேட்டதுதானே, இல்லன்னு சொல்லத் தயாரா இருந்தேன்.

"வலிச்சியா?"ன்னார்.

வலிச்சேன் நைனான்னேன். கையும் வலிச்சுது.